தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார்… செய்தி எங்கே?

சேலத்தில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் உட்கார்ந்து பள்ளிகளும் நிறுவனங்களும் அனுப்பும் செய்திக்குறிப்புகளைப் பல வருடம் வெட்டித் திருத்தியவன் நான். இப்போது அதே குறிப்புகளை எழுதிக் கொடுக்கும் பக்கம் வந்துவிட்டேன். இந்த முறை வந்த கேள்விகளில் சில.

பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சி பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தோம். நான்கு வரிதான் வந்தது. தாளாளர் பெயரே இல்லை. என்ன தப்பு? (அம்மாப்பேட்டை)

நீங்கள் இணைத்திருந்த குறிப்பைப் படித்தேன். முதல் பத்தியில் தாளாளர் தலைமை தாங்குகிறார். இரண்டாவதில் மூன்று பேர் முன்னிலை வகிக்கிறார்கள், ஒருவர் வரவேற்கிறார், இன்னொருவர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். கடைசிப் பத்தியில்தான் 'மாணவர்கள் பல்வேறு படைப்புகளைக் காட்சிப்படுத்தினர்' என்று ஒரே ஒரு வரி. ஆனால் கூட அனுப்பிய படத்தில் ஒரு மாணவி, விசைத்தறியில் இழை அறுந்தால் விளக்கு எரியும் கருவியோடு நிற்கிறாள். அம்மாப்பேட்டையில் தறி ஓடாத தெரு எது? அதுதானே செய்தி!

இடம் பற்றாவிட்டால் டெஸ்க்கில் இருப்பவர் கீழிருந்துதான் வெட்டுவார். உங்கள் குறிப்பைக் கீழிருந்து வெட்டினால் மிஞ்சுவது குத்துவிளக்கு மட்டும். அதையும் தூக்கிவிட்டு அவரே நான்கு வரி எழுதிக்கொண்டார். அவசரத்தில் தாளாளரும் போய்விட்டார். நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்: 'விசைத்தறியில் இழை அறுந்தவுடன் எச்சரிக்கும் கருவியை அம்மாப்பேட்டை பள்ளி மாணவி ஒருவர் உருவாக்கியுள்ளார்.' அடுத்து, கருவி எப்படி வேலை செய்கிறது, என்ன செலவு, யோசனை எங்கிருந்து வந்தது. அப்புறம் எங்கே, எப்போது கண்காட்சி நடந்தது என்பது.

சரி, தாளாளரை என்ன செய்வது? அவர் மனம் நோகக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இரண்டு வழி இருக்கிறது. அவர் ஏதாவது புதிதாக அறிவித்திருந்தால், அந்த வாக்கியத்தை அவர் பெயரோடு மூன்றாவது பத்தியில் வையுங்கள். 'மாணவர்கள் நன்றாகப் படிக்க வேண்டும் என்றார்' என்பதை யாரும் போட மாட்டார்கள். இரண்டாவது வழி படம். மேடையில் வரிசையாக நிற்கும் படத்தை விடுங்கள். கருவியை மாணவி விளக்க, தாளாளர் குனிந்து பார்க்கும் படத்தை அனுப்புங்கள். கீழே 'இடமிருந்து வலமாக' என்று பெயர்களை எழுதுங்கள். செய்தியில் வெட்டுப்படும் பெயர் படக்குறிப்பில் பிழைத்துவிடும். மாணவியின் பெற்றோரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்ற பெயர்கள் எல்லாம் கடைசியில் 'பங்கேற்றோர்' என்று ஒரே வாக்கியம்.

எங்கள் காபித் தோட்டத்துக்கு டிசம்பரிலிருந்து பயணிகளை அழைத்துச் சென்று பழம் பறிப்பதைக் காட்டப்போகிறோம். குறிப்பை எப்படித் தொடங்கலாம்? (ஏற்காடு)

'ஏழைகளின் ஊட்டி' என்று மட்டும் தொடங்காதீர்கள். கோடை விழா வரும்போதெல்லாம் அந்தத் தொடரை டெஸ்க் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியை மலைக்குக் கொண்டுவந்த கதையும் நல்ல கதைதான், ஆனால் அது பழைய கதை. கடைசிப் பத்திக்குப் போகட்டும். உங்கள் முதல் வரி நீங்கள் கேள்வியிலேயே எழுதியதுதான்: 'ஏற்காட்டில் காபிப் பழம் பறிப்பதைச் சுற்றுலாப் பயணிகள் டிசம்பர் முதல் நேரில் பார்க்கலாம்.' கட்டணம், நேரம், ஒரு நாளைக்கு எத்தனை பேர், முன்பதிவு எண் இவை இரண்டாவது பத்தி. 'உலகத் தரம் வாய்ந்த' என்பதை எடுத்துவிட்டு, தோட்டம் எத்தனை ஏக்கர், காபி அரபிகா வகையா என்று எழுதுங்கள்.

தமிழ்ப் பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் மேலாளர் வள்ளியா வல்லியா என்று நிருபருக்கு எப்படித் தெரியும்?

டைப் அடித்து மெயிலில் அனுப்பினோம். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறதாம். (செவ்வாய்பேட்டை)

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், தமிழ்நாடு அரசே 2010-ல் அதற்கு மாறச் சொல்லிவிட்டது. மெயிலுக்குள்ளேயே செய்தியை ஒட்டுங்கள், கூடவே வேர்டு கோப்பு. லெட்டர்பேடை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் யாராவது உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அதற்கு ஆள் கிடையாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கி அச்சில் மங்கும்.

ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து பக்கத்து வயலில் புகுந்துவிட்டது. நாமே குறிப்பு கொடுப்பதா, பேசாமல் இருப்பதா? (ஆத்தூர்)

கொடுங்கள். ஆனால் முதலில் அந்த வயல்காரரிடம் போய்ப் பேசுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் வம்பு இரட்டிப்பாகும்.

1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிறுவனத்துக்கு வேலை பார்த்த ஐவி லீ மூடி மறைக்கவில்லை; நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார். செய்திக்குறிப்பு என்ற வகையே அங்கிருந்துதான் பிறந்தது என்பார்கள். நீங்களும் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, இப்போது என்ன செய்திருக்கிறீர்கள், எது இன்னும் தெரியவில்லை என்று எழுதுங்கள். 'சிறு அசம்பாவிதம்' என்று எழுதாதீர்கள். சிறியதா பெரியதா என்று வயல்காரர் சொல்லட்டும். வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும். கொடுக்கும் செல்போன் எண்ணை யாராவது எடுக்க வேண்டும்.

எங்கள் சிறுதானிய மாவு சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று போடலாமா? (சூரமங்கலம்)

கூடாது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இது விளம்பரமில்லை, செய்திக்குறிப்புதான் என்று அப்புறம் வாதாடும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

விளம்பரம் கொடுத்தால் செய்தி போடுவார்களா? (குகை)

விளம்பரப் பிரிவிடம் விளம்பரம் பேசுங்கள், நிருபரிடம் செய்தி பேசுங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் எழுதினால் நிருபருக்குத்தான் கோபம் வரும்.

நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன்னால் அனுப்ப வேண்டும்? (கன்னங்குறிச்சி)

மூன்று நான்கு நாள் முன்னால், மதியம் மூன்று மணிக்குள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரம் மட்டும் வேண்டாம், பேப்பரில் இடமே இருக்காது. தேதியை 'நாளை', 'வரும் ஞாயிறு' என்று எழுதாமல், தேதியும் கிழமையும் சேர்த்து எழுதுங்கள். ஒருமுறை ரத்த தான முகாம் பற்றி வெள்ளிக்கிழமை ஒரு குறிப்பு வந்தது, 'வரும் ஞாயிறு' என்று. இடமில்லாமல் தள்ளிப்போய் ஞாயிறு காலைப் பேப்பரில் அப்படியே அச்சாகிவிட்டது. பார்த்தவர்கள் அடுத்த ஞாயிறு போய் நின்றிருக்கிறார்கள். மண்டபத்தில் காதுகுத்து நடந்துகொண்டிருந்ததாம்.