தையல் பிரித்த கையும் வயலின் தந்தியும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வயலின், வீணை கற்பவர்களும் அவர்களின் பெற்றோரும் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் கைக்குப் பயிற்சிச் சிகிச்சை தரும் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்); வயலினும் வாசிப்பவர்.

டீச்சர், கை ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை வாரத்துல வயலின தொடலாம்? (நாலு பேர் கேட்டது)

வாரக் கணக்கு அப்புறம். டாக்டர் எதையாவது திறந்துவிட்டாரா, ஒட்டவைத்தாரா என்பதை முதலில் பாருங்கள். கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது), டிரிகர் பிங்கர் (விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது) இரண்டுக்கும் செய்வது திறந்துவிடும் ஆபரேஷன். இறுக்கிக்கொண்டிருந்த பட்டையை வெட்டிவிடுகிறார்கள்; உள்ளே ஒட்டவேண்டிய தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எதுவும் இல்லை. அதனால் விரலை மறுநாளே மெல்ல மடக்கி நீட்டச் சொல்வார்கள். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். புண் நன்றாக மூடியபின் 5 நிமிடம் வாசித்துப் பார்க்கலாம்.

தசைநாண் தைத்தது, நரம்பு தைத்தது, எலும்புக்குக் கம்பி போட்டது எல்லாம் ஒட்டவைத்த வகை. அங்கே மாதக் கணக்குதான். நம் பேச்சில் எல்லாமே ‘நரம்பு’ என்பதால் குழப்பம் வருகிறது. யாழின் தந்தியைக்கூடப் பழந்தமிழ் நரம்பு என்றுதான் சொல்லும்! அறுந்தது விரலை மடக்கும் தசைநாணா, உணர்ச்சி தரும் நரம்பா என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குச் செம்பனைக் குலை வெட்டும் உளி பட்டு இடது நடுவிரல் தசைநாண் அறுந்து தைத்திருக்கிறார்கள். நாலு வாரம் ஆச்சு. வலியே இல்லை என்கிறான். தைப்பூசத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. வாசிக்க விடலாமா?

கூடாது அம்மா. வலி இல்லாததுதான் இதில் ஆபத்து. தைத்த தசைநாண் முதல் மூன்று வாரத்தில் மிக பலவீனமாக இருக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறுதிப்படும். கைக்கோ அதற்குள் வலி போய்விடும். கை நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நேரத்தில்தான் தையல் விட்டுப்போகிறது.

வழக்கமான கணக்கு இது: ஏறக்குறைய 6 வாரம் ஸ்பிலின்ட் (விரல் அசையாமல் தாங்கும் கட்டு), அதுவரை பயிற்சியாளர் காட்டிய அசைவுகள் மட்டும். 8 வாரத்துக்குப் பிறகு லேசான பளு. முழு பலத்தோடு பிடிக்க 12 வாரம். தைப்பூசம் உங்களுக்கு ஒன்பதாம் வாரத்தில் வருகிறது. வயலின் தந்தியை அழுத்துவது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் இரும்புத் தந்தியில் கமகத்துக்காக அழுத்தியபடி வழுக்கும்போது இழுபடுவது அந்தத் தசைநாண்தான். மேடை வேண்டாம்.

‘டக்’ என்று ஒரு சத்தமோ, திடீரென விரல் மடங்காமல் போவதோ நடந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள் தள்ளினால் தசைநாணின் முனை உள்ளே சுருங்கிப் போய்விடும். மறுபடி தைப்பது கடினம்.

அப்போ அந்த 12 வாரமும் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?

வலது கை சும்மாதானே இருக்கிறது? இடது கை ஸ்பிலின்டில் இருந்தால் வயலினை மடியில் படுக்க வைத்து, தலைப்பகுதியை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, வில்லை மட்டும் ஓட்டட்டும். ஒரு வில்லுக்கு 8 அட்சரம் (தாள எண்ணிக்கை), பிறகு 16 அட்சரம், நான்கு தந்தியிலும் சுருதி ஆடாமல். சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாயால் பாடி, தாளம் போட்டுப் பாடம் ஆக்கட்டும். பல பிள்ளைகளுக்கு வில் பிடியில்தான் குறை. இப்போது அது திருந்தும்.

எனக்குக் கார்ப்பல் டனல் செய்து ஆறு வாரம். இருபது வருஷம் பால்மரம் வெட்டின கை. உள்ளங்கையின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் அழுத்தினால் வலிக்குது. வீணை வாசிக்கலாமா?

வாசிக்கலாம் அக்கா. அந்த வலி பலருக்கும் வரும். மூன்று மாதத்தில் குறையும், சிலருக்கு ஆறு மாதம் இழுக்கும். பிடிமான பலம் திரும்பவும் மூன்று மாதம் ஆகலாம். வீணையின் மெட்டில் (தண்டின்மேல் உள்ள உலோகக் கட்டை) தந்தியை அழுத்துவதைவிட வேறு வேலைகள்தான் அந்த இடத்தைப் படுத்தும்: பிரடையை (தந்தியை முறுக்கும் திருகு) திருகுவது, வீணையைத் தூக்கி வைப்பது, மோட்டார் ஹேன்டிலை இறுக்கிப் பிடித்து ஓட்டுவது. சுருதி கூட்டுவதை மூன்று மாதம் மகளிடம் விடுங்கள். பிரடை இறுகியிருந்தால் கழற்றி, சோப்பும் சாக்பீஸ் தூளும் தடவிப் போடச் சொல்லுங்கள். சோப்பு அதிகமானால் நழுவும், சாக்பீஸ் அதிகமானால் முறுக்கவே முடியாது.

முதல் மாதம் நேர் ஸ்வரம் மட்டும். தந்தியை இழுத்து எடுக்கும் கமகம் வேண்டாம். மணிக்கட்டை ரொம்ப மடக்காமல் இருக்க வீணையின் தண்டைக் கொஞ்சம் தாழ்த்தி, முழங்காலுக்கு அடியில் மடித்த துணி வைத்துப் பாருங்கள்.

சுருதியைக் குறைத்தால் கைக்கு லேசாகுமா?

நிச்சயமாக. இழுவிசை சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 2 கட்டைச் சுருதியில் இருக்கும் வயலினை 1 கட்டைக்கு இறக்கினால் தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். விரலுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் ரொம்ப இறக்கினால் தந்தி தளர்ந்து, ஸ்வரம் ஆடுகிறதே என்று நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், பலன் போய்விடும். நான்கு தந்திக்கும் பைன் டியூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறு திருகு) போட்டால் பிரடையைத் தொடவே வேண்டியிருக்காது.

தினமும் எவ்வளவு நேரம்?

முதல் வாரம் 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. ஒரே மூச்சில் 15 நிமிடம் வேண்டாம். வாசிக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் கையை வையுங்கள் (புண் மூடியிருந்தால் மட்டும்). முடிந்தபின் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருங்கள். மறுநாள் காலையில் பாருங்கள்: வீக்கமும் விறைப்பும் கூடவில்லை என்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை 2 நிமிடம் கூட்டலாம். கூடியிருந்தால் பாதியாகக் குறைக்கவேண்டும். வாசிக்கும்போது வலித்ததா என்பதைவிடக் காலையில் கை எப்படி இருக்கிறது என்பதுதான் நம்பகமான கணக்கு.

செம்பனை முள் குத்தி மூட்டில் ஒடிந்துபோய், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது மோதிர விரல் முழுதாக நீளவில்லை.

செம்பனை முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். அதனால் மூட்டு பல வாரம் வீங்கிக் கிடந்தபிறகே எடுப்பார்கள், விறைப்பும் அதனால் அதிகம். நடுமூட்டை நீட்டும் பயிற்சி, இரவில் நீட்டி வைக்கும் ஸ்பிலின்ட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள் தம்பி. வீக்கம் மறுபடி வந்தால் முள்ளின் துணுக்கு மீதி இருக்கலாம், காட்டுங்கள். நம் கர்நாடக வயலினில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வழுக்கியே பல பிரயோகங்களை வாசித்துவிடுவோம். மேற்கத்திய வயலின்காரருக்கு இருக்கும் தொல்லை உங்களுக்கு இல்லை.

பாட்டி நல்லெண்ணெய் தேய்த்து உருவி விடுகிறேன் என்கிறார்.

பாட்டியின் கை வேண்டாம், எண்ணெய் வேண்டுமானால் பிறகு. புண் மூடி, பொருக்கு உதிர்ந்தபிறகு உங்கள் கட்டைவிரலால் நீங்களே தழும்பின்மேல் வட்டமாகத் தேயுங்கள்: 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, தோல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம். கிளினிக்கில் தரும் அக்குவஸ் கிரீமே போதும். தைத்த தசைநாணை உருவுவது அதைப் பிடித்து இழுப்பதற்குச் சமம்.

விரல் நுனி மரத்திருக்கு, நரம்பு தைத்தது. வாசித்தால் என்ன?

நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்திருந்தால் விரல் நுனிக்கு உணர்ச்சி வர ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை தந்தி தோலை அறுத்தாலும் தெரியாது. டாக்டர் அனுமதித்த பிறகும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி நுனியைக் கண்ணால் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். காய்ப்பும் போயிருக்கும், அவசரப்பட்டால் கொப்புளம்.

எனக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). இரண்டாவது விரலும் சிக்க ஆரம்பிச்சிருச்சு.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு டிரிகர் பிங்கர் அதிகம், ஐயா. ஒரு விரலோடு நிற்காமலும் போகலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். சிவந்த கோடு கைமேல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ராத்திரியில் விண்விண் என்று தெறித்தாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். இரண்டாவது விரலை இப்போதே காட்டுங்கள். ஆரம்பத்தில் ஸ்பிலின்டுக்கோ ஊசிக்கோ அடங்கிவிடலாம். ஊசி போட்டால் சில நாளுக்கு சர்க்கரை ஏறும், வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.