அப்பாவோட வென்டிலேட்டரை எடுக்கறதா வேண்டாமா, யாரு முடிவு பண்றது? கொழிஞ்சாம்பாறை வாசகிக்கு வக்கீல் பதில்

கேள்வி: வணக்கம் சார். நாங்க பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை பக்கம். அப்பாவுக்கு 74 வயசு, ரிட்டயர்டு வாத்தியார். ஸ்ட்ரோக் வந்து கோயமுத்தூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேர்த்தோம், மூணு வாரமா வென்டிலேட்டர்லயே இருக்கார். நினைவு திரும்ப வாய்ப்பே இல்லைங்கறாங்க, ஆனா மூளைச்சாவும் இல்லையாம். "என்னை குழாய் மாட்டி வெச்சு இழுத்துட்டு இருக்காதீங்க"ன்னு நல்லா இருக்கறப்பவே பல தடவ சொன்னவரு, டைரிலயும் எழுதி கையெழுத்து போட்டிருக்கார். அம்மா, அவரை விட்டுருங்க வீட்டுக்கு கொண்டு போயிரலாம்னு அழுவறாங்க. துபாய்ல இருக்கற அண்ணன், எவ்வளவு ஆனாலும் நான் அனுப்பறேன், நீங்க கையெழுத்து போட்டா போலீஸ்ல கேஸ் குடுப்பேன்ங்கறார். சொத்துக்குத்தான் அவசரப்படறோம்னு அண்ணி ஊரெல்லாம் பேசறாங்க. மூத்த பையன் சொல்றதுதான் சட்டப்படி செல்லுமா? அப்பாவோட பென்ஷனையும் எடுக்க முடியல.

பதில்: அம்மா, மூத்த பையனுக்குன்னு தனி உரிமை எதுவும் இல்ல. கொள்ளி வைக்கறது யாருன்னு ஊர் வழக்கம் சொல்லும், ஆனா வென்டிலேட்டர் விஷயத்துல மனைவி, மகன், மகள்னு வரிசை போட்டு இவருக்கு முதல் உரிமை அவருக்கு ரெண்டாவதுன்னு சுப்ரீம் கோர்ட் எங்கயும் சொல்லல, நெருங்கின உறவுன்னுதான் இருக்கு, அதுல உங்க அம்மாவும் வருவாங்க நீங்களும் வருவீங்க, துபாய்ல இருக்கற அண்ணனும் வருவார். ஆனா கோர்ட் உங்ககிட்ட தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறது உங்க மூணு பேருல யாருக்கு என்ன வேணும்ங்கறதை இல்ல, அப்பாவுக்கு வாய் இருந்தா என்ன சொல்லியிருப்பார், அவருக்கு எது நல்லதுங்கறதைத்தான். அந்த விதத்துல பாத்தா உங்க லெட்டர்ல எனக்கு பெருசா தெரியறது அந்த டைரிதான்.

இதுக்கு ஆரம்பம் 2011 மார்ச்ல வந்த அருணா ஷான்பாக் தீர்ப்பு. மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ், 1973ல தாக்கப்பட்டு நினைவில்லாம கிடந்தவங்க. அவங்களை சாக விடணும்னு வெளியில இருந்து ஒரு எழுத்தாளர் கேஸ் போட்டாங்க, கூடவே இருந்து வருஷக்கணக்கா பாத்துக்கிட்ட நர்ஸுங்க வேண்டாம்னாங்க. அருணாவுக்காக பேசற உரிமை யாருக்குன்னு கேள்வி வந்தப்ப கோர்ட் நர்ஸுங்க பக்கம்தான் நின்னுச்சு, மனு தள்ளுபடி, அருணா 2015 வரைக்கும் உயிரோட இருந்தாங்க. முடிவு உங்க கேஸுக்கு நேர் எதிரா இருந்தாலும் அதுல இருந்து நான் எடுத்துக்கறது ஒண்ணு இருக்கு, யாரு பக்கத்துல இருந்து பாத்துக்கறாங்களோ அவங்க வார்த்தைக்குத்தான் கனம், அதனால தினமும் ஐசியு வாசல்ல உக்காந்திருக்கற உங்க அம்மாவோட பேச்சை யாரும் ஓரங்கட்ட முடியாதுன்னு நான் நினைக்கறேன்.

அப்புறம் 2018 மார்ச் 9ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச், காமன் காஸ்ங்கற அமைப்பு போட்ட வழக்குல, கௌரவமா சாகறதும் ஆர்ட்டிகிள் 21ல இருக்கற வாழற உரிமையில சேர்ந்ததுதான்னு சொல்லிருச்சு. உயிர் உயில்னு பேப்பர்ல வருதே, நினைவில்லாம போனா எனக்கு இந்த சிகிச்சை வேண்டாம்னு நல்லா இருக்கறப்பவே எழுதி வைக்கறது, அதுக்கு சட்ட மதிப்பு வந்தது அதுலதான். ஆனா மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்து, கலெக்டர் போடற போர்டுன்னு எவனாலயும் நடத்த முடியாத நடைமுறையா இருந்துச்சு, அதை 2023 ஜனவரி 24ல இன்னொரு அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் லேசாக்கிருச்சு. இப்ப ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்லைன்னா கெஜட்டட் ஆபீசர் போதும்.

அப்பா டைரில எழுதினதுக்கு சாட்சியும் இல்ல நோட்டரியும் இல்ல, அதனால அது உயிர் உயிலா நிக்காது. அதுக்காக தூக்கி போட்டுராதீங்க, அவர் மனசு என்னன்னு காட்டற ஆதாரம் அது. டைரியை அப்படியே பத்திரமா வைங்க, ஒரு எழுத்து கூட சேர்க்காதீங்க, பக்கத்தை கிழிச்சு தனியா எடுக்காதீங்க, தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து அண்ணனுக்கும் அனுப்பிருங்க. அவர் பேச்சை காதால கேட்ட சிநேகிதங்க, கூட வேலை பாத்த வாத்தியாருங்க, உங்க ஊர்ல அவருக்கு வழக்கமா வைத்தியம் பாத்த டாக்டர், இவங்ககிட்ட இப்பவே பேசி வைங்க, குடும்ப டாக்டர் இருந்தா ஆஸ்பத்திரி கூட்டற மெடிக்கல் போர்டு அவர்கிட்டயும் பேசணும்னு தீர்ப்புலயே இருக்கு.

உயிர் உயில் இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு, அதுதான் உங்க வழி. ஆஸ்பத்திரிக்கு எழுத்துல ஒரு லெட்டர் குடுங்க, பிரைமரி மெடிக்கல் போர்டு கூட்டச்சொல்லி. பாத்துட்டு இருக்கற டாக்டரும் அஞ்சு வருஷ அனுபவமாவது இருக்கற ரெண்டு ஸ்பெஷலிஸ்டும் அதுல இருப்பாங்க. குடும்பத்தை கூப்பிட்டு உக்கார வெச்சு நல்லது கெட்டது எல்லாம் விளக்கி மினிட்ஸ் எழுதணும், குடும்பம் எழுத்துல சம்மதிச்சா கூடுமானவரை 48 மணி நேரத்துல முடிவு சொல்லணும். அதுக்கப்புறம் ரெண்டாவது போர்டு, அதுல மாவட்ட சீஃப் மெடிக்கல் ஆபீசர் நாமினேட் பண்ற ஒரு டாக்டரும், முதல் போர்டுல இல்லாத ரெண்டு ஸ்பெஷலிஸ்டும். ரெண்டு போர்டும் ஒத்துக்கிட்டா ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்கு தகவல் குடுத்துட்டு மெஷினை எடுக்கலாம். இந்த வழியில போனா அது கொலையும் இல்ல, தற்கொலைக்கு தூண்டினதும் இல்ல, அண்ணன் போலீசுக்கு போனாலும் அத்தனை டாக்டர் கையெழுத்தும் உங்க கையில இருக்கும்.

அண்ணன் மீட்டிங்ல சம்மதிக்கலைன்னா என்னன்னு கேப்பீங்க. ஒருத்தர் மாட்டேன்னா எல்லாம் நின்னுரும்னு தீர்ப்புல இல்ல, ஆனா நடைமுறையில ஒரு மகன் கத்தினா எந்த ஆஸ்பத்திரியும் கைய எடுத்துக்கும், அவங்களையும் குத்தம் சொல்ல முடியல. போர்டு முடிவெடுக்காம இழுத்தாலோ ரெண்டு போர்டுக்கும் ஒத்துப்போகலைன்னாலோ ஆர்ட்டிகிள் 226ல ஹைகோர்ட்டுக்கு போகலாம், ரெண்டு ஜட்ஜ் பெஞ்ச் கேக்கும், தேவைப்பட்டா தனியா மூணு டாக்டர் கமிட்டி போடும். நீங்க கேரளாக்காரங்களா இருந்தாலும் படுத்திருக்கறது கோயமுத்தூர்ல, அதனால எர்ணாகுளத்துல இருக்கற கேரளா ஹைகோர்ட் கிடையாது, மெட்ராஸ் ஹைகோர்ட்தான், அதுவும் மதுரை பெஞ்ச் கிடையாது, சென்னை. வாளையார் தாண்டினா கோர்ட்டும் மாறிருது.

ஆனா கோர்ட்டுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க, அந்த போர்டு மீட்டிங்ல அண்ணனை வீடியோ கால்ல உக்கார வைக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, ஸ்கேனை காட்டி டாக்டரே நேரா பேசட்டும். இந்த மாதிரி கேஸுங்கள்ல தூரத்துல இருக்கற பிள்ளைங்கதான் ரொம்ப பிடிவாதமா நிக்கறாங்க, கெட்ட எண்ணம் இல்ல, அப்பாவை கடைசியா பாத்தப்ப அவர் நடமாடிட்டு இருந்தார், அந்த உருவம்தான் மனசுல இருக்கும். ஒரு வாரம் லீவு போட்டு வந்து அந்த பெட் பக்கத்துல நின்னா பாதி பேர் பேச்சு மாறிருது.

இப்ப "வீட்டுக்கு கொண்டு போயிரலாம்"ங்கறதுக்கு வர்றேன். சொந்த ரிஸ்க்ல எழுதி குடுத்துட்டு, ஆம்புலன்ஸ்ல பம்பு அழுத்திக்கிட்டே வந்து வீட்டுத் திண்ணையில வெச்சு குழாயை உருவறது நம்ம பக்கம் சர்வ சாதாரணமா நடக்குது. எனக்கு கோபம் வர்றது இதுலதான், டாக்டருங்க எடுக்க வேண்டிய முடிவை ஒரு பேப்பர்ல எழுதி படிக்கத் தெரியாத பொண்டாட்டி தலையில கட்டி விடறாங்க. மூச்சுத் திணறலுக்கு மருந்தில்லாம அவர் துடிச்சா அதை பாக்கப்போறது உங்க அம்மா, நாளைக்கு அண்ணன் கேஸ் போட்டா கையெழுத்தும் உங்க அம்மாவோடதுதான். உயிர் வீட்டுல போகணும்ங்கற ஆசை தப்பே இல்ல, அதை போர்டுகிட்டயே சொல்லுங்க, வலி மூச்சுத்திணறல் எல்லாத்துக்கும் மார்பின் மாதிரி மருந்து பிளான் பண்ணி எழுதி தரச்சொல்லுங்க. கேரளா 2008லயே பாலியேட்டிவ் கேர், அதாவது வலி வேதனையை குறைச்சு பாத்துக்கற சிகிச்சைக்கு, பாலிசி கொண்டு வந்த ஸ்டேட், உங்க பஞ்சாயத்துல வீட்டுக்கே வர்ற பாலியேட்டிவ் நர்ஸ் இருப்பாங்க, முன்னாடியே போய் சொல்லி வைங்க.

ஒண்ணை மட்டும் குழப்பிக்காதீங்க. விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல்னு கேள்விப்பட்டிருப்பீங்க, எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி இளநி குடுத்து வயசானவங்களை அனுப்பிடறது. அது கொலை, பாரதிய நியாய சன்ஹிதாங்கற குற்றவியல் சட்டம் (பிஎன்எஸ்) 103வது பிரிவு. மருந்து ஊசி போட்டு முடிக்கறதும் அப்படித்தான், குடும்பம் மொத்தமும் கேட்டாலும், அவரே கேட்டாலும் நம்ம நாட்டுல அனுமதி கிடையாது. பயன்படாத சிகிச்சையை நிறுத்தி வியாதி அதோட போக்குல போக விடறதுக்குத்தான் அனுமதி.

அண்ணி பேச்சுக்கு: கொலை பண்ணினவங்களுக்கு சொத்து வராதுன்னு இந்து வாரிசுரிமை சட்டம் 25ல இருக்கு, அதை யாரோ அவங்களுக்கு அரைகுறையா சொல்லியிருப்பாங்க. போர்டு வழியா போனா அது இங்க ஒட்டாது. ஆனா இந்த நேரத்துல நிலப்பத்திரம், பேங்க் பேப்பர் எதுலயும் அப்பா கைநாட்டு வாங்க யாராவது இங்க் பேடோட ஐசியுக்குள்ள வந்தா விடாதீங்க, அது உங்க புருஷனா இருந்தாலும் சரி. நினைவில்லாத ஆளோட ரேகை வெச்ச பேப்பர் செல்லாது, கிரிமினல் கேஸ் தனியா வரும், அண்ணி சொன்னது உண்மைங்கற மாதிரியும் ஆயிரும்.

பென்ஷனுக்கு ஏடிஎம் பின் தெரியும்னு எடுத்துட்டு இருக்காதீங்க. கோமாவுல இருக்கறவங்களுக்கு கார்டியன் நியமிக்க கேரளா ஹைகோர்ட் 2019ல வழிமுறை போட்டிருக்கு, அதுக்கு எர்ணாகுளத்துல இருக்கற அந்த ஹைகோர்ட்லதான் ரிட் மனு போடணும். டாக்டருங்க ரிப்போர்ட்டும் தாசில்தார் அளவுல விசாரணையும் கேப்பாங்க, மனைவிங்கறதால அம்மா பேர்லயே கேளுங்க. அதுக்கு நாள் ஆகும், அதுவரைக்கும் அண்ணன் அனுப்பறேன்ங்கற பணத்தை வாங்கி ஆஸ்பத்திரி பில்லுக்கு கணக்கு வெச்சு கட்டுங்க, ரசீது எல்லாம் அவருக்கும் அனுப்புங்க.

அம்மாவும் தனக்கு இப்படி ஆகக்கூடாதுன்னு சொல்றாங்கன்னா இப்பவே எழுதி வைக்கலாம். எந்த சிகிச்சை வேண்டாம்னு மொட்டையா இல்லாம தெளிவா எழுதணும், தன் சார்புல பேச ஒண்ணுக்கு மேல ஆளுங்க பேரு போடலாம், உங்க பேரும் அண்ணன் பேரும் ரெண்டும் இருக்கட்டும். ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து, சொந்தக்காரங்களா இல்லாம இருந்தா நல்லது, அப்புறம் நோட்டரி, ஒரு காப்பி பஞ்சாயத்து ஆபீசுக்கு, ஒண்ணு குடும்ப டாக்டருக்கு. மனசு மாறினா எப்ப வேணா எழுத்துல ரத்து பண்ணிக்கலாம். மலையாளத்துல ஒரு காப்பி சேர்த்து எழுதிக்கங்க, பஞ்சாயத்துல வேலை சீக்கிரம் நடக்கும்.