ஸ்டீயரிங் லூஸாக இருக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கார் லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலத்துக்குத் திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை. ராக்கையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? – ஈரோடு வாசகர்

பதில்: எதைப் பார்த்து ராக் (ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல் தண்டு) போய்விட்டது என்கிறார் என்று முதலில் கேளுங்கள். ஓட்டிப் பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்கிறார் என்றால் பணத்தை எடுக்காதீர்கள். ராக் தேய்வது உண்டுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற ஜாயிண்டுகள்தான் பெரும்பாலும் முதலில் தேயும். அவற்றின் விலையும் ராக்கின் விலையில் சிறு பங்குதான்.

இதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். வண்டியைக் குழி மேலோ ராம்ப்பிலோ நிறுத்துங்கள். நான்கு டயரும் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். வண்டியைத் தூக்கிவிட்டால் சக்கரம் லேசாகத் திரும்பிவிடும், ஆட்டம் தெரியாது. பவர் ஸ்டீயரிங் என்றால் என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து, அந்த இரண்டு விரல் அகலத்துக்குள் மட்டும் ஸ்டீயரிங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மேலிருந்து தொடங்குங்கள். பெடல்களுக்குப் பக்கத்தில் ஸ்டீயரிங் ஷாஃப்டில் ஒரு கிராஸ் ஜாயிண்ட் இருக்கும். உள்ளங்கை அதன் இரண்டு பக்கத்தையும் மூடுகிற மாதிரி பிடித்தால், மேல்பாதி திரும்பி கீழ்பாதி தாமதமாகத் தொடர்வது கையிலேயே தெரியும். அடுத்து ராக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ். அது நைந்திருந்தால் ராக் மொத்தமுமே இடமும் வலமும் நகரும். பிறகு, மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட்டை அமுக்கி உள்ளே ராக் எண்டை, அதாவது ராக்கின் நுனியில் இருக்கும் ஜாயிண்டை, தொட்டுப் பாருங்கள். கடைசியில் சக்கரத்துப் பக்கம் டை ராடு எண்ட், அதாவது ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை ஜாயிண்ட். ஒரு பக்கம் வருகிற அசைவு எந்த இடத்தில் மறுபக்கம் போகாமல் நிற்கிறதோ, தேய்மானம் அங்கேதான். இவை எல்லாம் இறுக்கமாக இருந்து, ராக்குக்குள் போகிற பினியன் (சிறு பல்சக்கரம்) ஷாஃப்ட் திரும்பியும் ராக் நகரவில்லை என்றால்தான் ராக்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் சில வண்டிகளில் ராக்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் மூடியைச் சரிசெய்து பார்க்க வழி உண்டு.

கேள்வி: ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டினால் ஆடுகிறது. பேரிங்கா, பால் ஜாயிண்டா, டை ராடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – திண்டுக்கல் வாசகி

பதில்: ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டும் வைத்துவிடுங்கள். சக்கரத்தின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்ட் அல்லது ராக் எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போதும் ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை ஜாயிண்ட்). இந்த இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: உள்ளே ஒருவரை பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்தபோது ஹப்பும் (சக்கரம் மாட்டும் பகுதி) நக்கிளும் (அதைத் தாங்கும் பகுதி) ஒன்றாகிவிடுகின்றன, பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடுகிறது. நிற்காமல் ஆடினால் பால் ஜாயிண்ட். அதைத் தள்ளிப்போடாதீர்கள். கீழ் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும்.

கேள்வி: எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச் சான்று) போக வேண்டும். ஸ்டீயரிங் ப்ளே, அதாவது ஆட்டம், எவ்வளவு வரை இருக்கலாம்? – விருதுநகர் வாசகர்

பதில்: 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. ஸ்டீயரிங் இணைப்பில் இருக்கும் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான். சாதாரணக் கார் ஸ்டீயரிங்கில் 30 டிகிரி என்றால் விளிம்பில் ஏறக்குறைய 10 செ.மீ. வரும். ராக் அண்ட் பினியன் வைத்த காரில் அவ்வளவு ஆட்டத்தோடு பைபாஸில் ஏறுவது என்னைக் கேட்டால் தற்கொலை முயற்சி. பல சிறிய கார்களின் சர்வீஸ் புத்தகத்தில் 30 மி.மீ.தான் எல்லை. அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஜீப். ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவை டைட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். நானே செய்யலாமா? – கொடைக்கானல் வாசகர்

பதில்: செய்யலாம், ஆனால் கடைசியில். டை ராடு எண்டுகள், டிராக் ராடு, ட்ராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து இறங்கும் கை) நட் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு. முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டீயரிங்கை நேராக, சரியாக நடுவில் வையுங்கள். பாக்ஸின் பல் நடு இடத்தில்தான் அதிகம் தேய்கிறது. ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இறுக்கினால் அளவு தப்பிவிடும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது. ஓட்டும்போது வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். கொஞ்சம் ஆட்டத்தைவிட அது மோசம். ஆயில் அளவையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பழைய ஜீப்களில் அது வறண்டுதான் கிடக்கும்.

கேள்வி: அதே மாதிரி ஜீப்தான் எனக்கும். 50 கி.மீ. வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் இரண்டும் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்குகிற மாதிரி உதறுகிறது. – தேனி வாசகர்

பதில்: இது வெறும் லூஸ் இல்லை. இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே நீள ஆக்ஸிலில் இணைத்த வண்டிகளுக்கே உரிய வியாதி. கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு) பேரிங், டை ராடு எண்டுகள், முன் லீஃப் ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைப்பது) இவற்றில் ஒன்றோ இரண்டோ தேய்ந்திருக்கும். டயரும் பேலன்ஸ் இல்லாமல் இருந்தால் பள்ளம் தொட்டதும் உதறல் தொடங்கிவிடும். ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரி) போட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். உதறல் மறையும், ஆனால் தேய்மானம் அப்படியே இருக்கும். சாலையில் இது வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி: 80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இதுவும் லூஸ்தானா? – செங்கல்பட்டு வாசகர்

பதில்: இல்லை. முதலில் வீல் பேலன்ஸிங் பாருங்கள். டயரில் புடைப்பு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

கேள்வி: கிளட்ச் வேலை முடித்துக் கொடுத்த மறுநாளே ஸ்டீயரிங்கில் திடீரென்று ஆட்டம். அதற்கு முன் இல்லை. – நாமக்கல் வாசகர்

பதில்: வண்டியை எடுக்காதீர்கள். அந்த வேலைக்குச் சில வண்டிகளில் சப்ஃப்ரேமை (என்ஜினுக்குக் கீழே இருக்கும் சட்டம்) இறக்க வேண்டியிருக்கும். அதற்காக ஸ்டீயரிங் ஷாஃப்டின் கீழ் ஜாயிண்டைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது போல்ட் பினியனில் இருக்கும் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது சப்ஃப்ரேம் போல்ட் முழுதாக இறுகாமல் இருக்கலாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லி அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டை ராடு எண்ட் இரண்டும் மாற்றினோம். ஆட்டம் போய்விட்டது. ஆனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். – தஞ்சாவூர் வாசகி

பதில்: வேண்டாம். நேற்று வரை நேராக இருந்த ஸ்டீயரிங், எண்ட் மாற்றிய பிறகு கோணலானால் தப்பு டை ராடு நீளத்தில்தான் இருக்கிறது. பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணாமல் கழற்றியிருப்பார்கள். வீல் அலைன்மென்ட்டில் ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு பக்க டை ராடையும் தனித்தனியாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஏர்பேக் இருக்கும் வண்டியில் வீலைத் தேவையில்லாமல் கழற்றுவது இன்னொரு தலைவலி.

அலைன்மென்ட் முடிந்ததும் இன்னொன்றையும் கண்ணால் பாருங்கள். எண்டின் நட் கேஸில் நட்டாக (மேலே வெட்டுகள் உள்ள நட்) இருந்தால் அதன் வெட்டுக்குள் ஸ்ப்ளிட் பின் போட்டு, பின்னின் இரண்டு காலையும் மடக்கியிருக்க வேண்டும். ஓட்டை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தி ஸ்ப்ளிட் பின்னைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறுக்கும் பக்கமாகத்தான் திருப்பி ஓட்டையைச் சேர்க்க வேண்டும். தளர்த்தினால் கூம்பு இறுக்கம் விட்டு, சில வாரத்தில் அந்த இடமே ஆட ஆரம்பிக்கும்.