எக்ஸ்ரே தேர்வில் எங்கே நழுவுகிறது?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறேன். எக்ஸ்ரே எடுக்க உரிமம் வாங்க, டி.ஏ.என்.பி. (பல் மருத்துவ உதவியாளர்களுக்கான அமெரிக்கத் தேசிய வாரியம்) நடத்தும் ஆர்.எச்.எஸ். என்ற கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தேர்வு எழுதினேன். 380 தான் வந்தது. கதிர்வீச்சு இயற்பியலை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். தமிழ்வழியில் படித்ததால்தான் தோற்றேனா?
- வாசகி, எடிசன்

பதில்: தமிழ்வழிக் கல்வி மீது பழி போடாதீர்கள் சகோதரி. அந்த மதிப்பெண் 100 முதல் 900 வரை போகும் அளவுகோலில் வருவது. 400 எடுத்தால் தேர்ச்சி. நீங்கள் வாசல்வரை வந்துவிட்டீர்கள்.

நழுவிய இடம் வேறு. அந்தத் தேர்வில் பாதி, படம் எடுக்கும் முறை பற்றியது. கதிர்வீச்சும் பாதுகாப்பும் கால் பங்கு, தொற்றுத் தடுப்பு கால் பங்கு. நீங்கள் உயிரைக் கொடுத்துப் படித்தது ஒரு கால் பங்கைத்தான்.

இனி படத்திலிருந்து படியுங்கள். கெட்டுப்போன ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்ததும் காரணம் வாயில் வர வேண்டும். பக்கத்துப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெரிந்தால், கதிரின் கிடைமட்டக் கோணம் தவறு. ஓரத்தில் வளைவாக வெள்ளை விழுந்தால் கோன் கட். அதாவது கதிர், சென்சார் (வாய்க்குள் வைத்துப் படம் பதியும் கருவி) முழுவதையும் மூடவில்லை. பல் குட்டையாகவோ நீளமாகவோ வந்தால் செங்குத்துக் கோணத்தைப் பாருங்கள். இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். உச்சி வெயிலில் நம் நிழல் குட்டை, சாயங்காலம் நீளம். அதேபோலத்தான்: கோணம் கூடினால் பல் குறுகும், குறைந்தால் நீளும்.

வேலை அனுபவமே காலை வாரிவிடும் இடமும் உண்டு. குழந்தை அடம்பிடித்தால் நாமே சென்சாரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சில கிளினிக்குகளில் பழகியிருப்பார்கள். அது ஒருபோதும் கூடாது. தடுப்புச் சுவர் இல்லாவிட்டால் குறைந்தது 6 அடி தள்ளி, கதிர் போகும் திசைக்கு 90 முதல் 135 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சென்சாரைத் தாங்கி வாய்க்குள் போன ஹோல்டரை வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். சென்சார் ஆட்டோகிளேவின் நீராவிச் சூட்டைத் தாங்காது, அதற்கு உறை போட்டு, எடுத்தபின் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். உங்கள் கிளினிக்கில் நடப்பதை மறந்து, விதி சொல்வதைத் தேர்ந்தெடுங்கள்.

ஈயக் கவசம் பற்றியும் குழப்பம் வரும். பல் எக்ஸ்ரேக்கு அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் பரிந்துரைத்தது. ஆனால் வேலையில் உங்களைக் கட்டுப்படுத்துவது மாநில விதி. தேர்வுக்கோ, வாரியம் இலவசமாகத் தரும் பாடத்திட்டத்தையே நம்புங்கள்.

75 கேள்விகள், 60 நிமிடம். ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். உங்கள் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ மாறும். திரும்பிப்போய்த் திருத்த முடியாது. கஷ்டமாக வருகிறதே என்று நடுவில் மனம் தளராதீர்கள், அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். 'எக்ஸெப்ட்', 'ஃபர்ஸ்ட்' போன்ற சொற்களில் கண்ணை நிறுத்தி வாசியுங்கள்.

மறுபடி பணம் கட்டுமுன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: வேலை முடிந்தபின், திருப்பி எடுக்க நேர்ந்த படங்களைக் கிளினிக் கணினியிலேயே காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிழை என்ன, திருத்தம் என்ன என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆனால் அவற்றை ஃபோனில் படம் பிடித்து வராதீர்கள். நோயாளியின் அந்தரங்கம் அது, சட்டமும் விடாது.