ஸ்டுட்கார்ட்டில் சைவத்துக்கு மாறும் தம்பிக்கு

தம்பி, படிக்க வந்த இடத்தில் கறி மீனை விட்டுவிட்டதாகவும், ஒரு குளிர்காலம் போவதற்குள் எடை ஏறி, மதியத்துக்கு மேல் உடம்பு அசந்து போவதாகவும் எழுதியிருந்தீர்கள். புரதத்துக்கு என்ன செய்வது, மாத்திரை வேண்டுமா, பாலையும் சேர்த்து நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஸ்டுட்கார்ட் பக்கத்தில்தான் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். வீட்டுச் சமையல் முழுக்கச் சைவம், பாலும் கிடையாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காலையில் வெண்ணெய் தடவிய பிரெட்செல் ரொட்டி, மதியம் சீஸ் போட்ட பாஸ்தா, ராத்திரி சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் கறி இல்லை, சரி. ஆனால் பருப்பு, பயறு, கீரை எதுவுமே இல்லையே. திண்டுக்கல்லில் உங்கள் வீட்டில் வாரம் ரெண்டு நாள் கறி எடுத்திருந்தாலும், மற்ற நாளெல்லாம் சாம்பாரோ பாசிப்பருப்புக் கூட்டோ சுண்டலோ இருந்திருக்கும். யாரும் அதைப் புரதம் என்று சொல்லிப் பரிமாறவில்லை, அது பாட்டுக்குத் தட்டில் வந்து விழுந்தது. இங்கே வந்ததும் அம்மா சமையலோடு அதுவும் நின்று போயிற்று, அப்புறம் கறியும் நின்று போயிற்று. மிச்சம் இருப்பது மாவும் சீஸும்தான். எடை ஏறுவதற்கு இதுவே போதும். இங்கே புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆகவே மாத்திரை, பால் எல்லாவற்றுக்கும் முன்னால், கறி இருந்த இடத்துக்குப் பருப்பைக் கொண்டு வாருங்கள். சீஸை அல்ல.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் உங்கள் வயதுக்காரருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்கிறது. 70 கிலோ என்றால் 56 கிராம். சமைக்காத பருப்பு 100 கிராமில் கிட்டத்தட்ட 22 கிராம் புரதம் இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு ஆளுக்கு 60 கிராம் துவரம்பருப்பு, காலையில் 60 கிராம் ஓட்ஸ், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அரைப் பாக்கெட் டோஃபு, இவற்றோடு சோறும் ரொட்டியும் தருவதைச் சேர்த்தால் அளவு வந்துவிடும். மீல்மேக்கர் பிடிக்கும் என்றால் இன்னும் சுலபம். இங்கே அதை சோயா கிரானுலாட், சோயா ஷ்னெட்செல் என்று விற்கிறார்கள், காய்ந்த நிலையில் பாதி எடை புரதம்தான். புரதப் பவுடர் டப்பாவுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பருப்புக்கு இந்தியக் கடை தேடி ஓட வேண்டும் என்பதும் இல்லை. ரெவே, எடேகா, லிடில் என்ற சூப்பர்மார்க்கெட் எதிலும் ரோட்டே லின்சன் என்று இருக்கும். அது நம் மைசூர் பருப்புதான். குக்கர் இல்லாமலே கால் மணி நேரத்தில் வெந்துவிடும், விடுதி அடுப்புக்கு அதைவிட நல்ல பருப்பு கிடையாது. கொண்டைக்கடலை, ராஜ்மா, வெண்டைக்காய், கொத்தமல்லிக் கட்டு எல்லாம் துருக்கிக் கடையில் மலிவு. துவரை, உளுந்து, இட்லி அரிசி, கறிவேப்பிலைக்கு மட்டும் ஈழத்தமிழர் நடத்தும் கடைக்கு மாதம் ஒருமுறை போய்வந்தால் போதும். நல்லெண்ணெயையும் அங்கேயே வாங்குங்கள். சூப்பர்மார்க்கெட்டின் ஆசிய அலமாரியில் இருப்பது பெரும்பாலும் வறுத்த எள்ளின் எண்ணெய், தாளித்தால் வேறு மணம் அடிக்கும். அன்றாடத்துக்கு ராப்ஸ் எண்ணெய் நல்லது. அது கடுகுக்குச் சொந்தக்காரச் செடி, ஒமேகா 3 கொழுப்பும் ஓரளவு உண்டு. கூடவே தினம் ஒரு ஸ்பூன் பொடித்த ஆளி விதையை ஓட்ஸில் போட்டுக்கொள்ளுங்கள், மீனை விட்டவர்களுக்கு அது அவசியம்.

நீங்கள் வந்து சேர்ந்திருப்பதே பருப்பு ஊர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஸ்வேபியன் ஆல்ப் மலைப்பகுதியில் பயறு விளைவித்துப் பிழைத்த காலம் உண்டு. 1960களில் அந்தச் சாகுபடி நின்று, பழைய விதைகளும் தொலைந்து போயின. 2006இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாவிலோவ் விதை வங்கியில் அந்த ரகங்கள் கண்டெடுக்கப்பட்டு, திரும்ப வந்து, இப்போது ஆல்ப்லைசா என்ற பெயரில் விளைகின்றன. சிறிய பயறு, வெந்தாலும் குழையாது. வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்துக் கொட்டினால் சோற்றுக்கு அவ்வளவு பொருத்தம். கொஞ்சம் விலைதான், எப்போதாவது வாங்கிப் பாருங்கள். இந்த ஊர்க்காரர்கள் பயறை ஷ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டத்தோடு சாப்பிடுவார்கள். ஆனால் கடையில் கேட்காமல் வாங்காதீர்கள். பயறில் ஷ்பெக் என்ற பன்றிக் கொழுப்பிறைச்சியைச் சேர்த்து வேகவைத்திருப்பார்கள், மேலே சாசேஜும் வரும். ஷ்பெட்ஸ்லேயில் முட்டை உண்டு.

கண்ணுக்குத் தெரியாமல் கறி இருக்கும் பண்டங்கள் இந்தப் பகுதியில் நிறைய. ஸ்வேபிய உருளைக்கிழங்கு சாலடில் மயோனைஸ் இருக்காது, அதனால் சைவம் என்று நினைத்து எடுப்போம். அதை இறைச்சி வேகவைத்த சாற்றில்தான் ஊறவைப்பார்கள், பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. ஃப்ளேட்லேசூப்பும் அப்படித்தான், தோசையை நறுக்கிப் போட்டதுபோல் இருக்கும், சாறு மாட்டினுடையது. மவுல்டாஷன் பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி தெரியும், உள்ளே இறைச்சி. காய்கறி வைத்த கெம்யூஸே மவுல்டாஷனும் கிடைக்கிறது, அதில் முட்டை உண்டா என்று பார்த்து வாங்குங்கள். சிவப்பு முட்டைக்கோஸ் டப்பாவில் ஷ்மால்ட்ஸ் என்ற பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சில பேக்கரிகளின் பிரெட்செல்லிலும் இருக்கலாம். ஓட்டலில் ஃப்ளைஷ், அதாவது இறைச்சி, இல்லாமல் வேண்டும் என்று மட்டும் சொன்னால் சிலர் ஷ்பெக்கைக் கறியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஃப்ளைஷ், ஃபிஷ், ஷ்பெக் மூன்றும் வேண்டாம் என்று சொல்லி, ப்ரூயே, அதாவது சாறு, எதில் செய்தது என்று தனியாகக் கேளுங்கள். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த நாட்டில் சைவக்காரர்கள் நிறையப் பேர், கேள்வி அவர்களுக்குப் பழக்கம்.

பாக்கெட் உணவில் ஐரோப்பியச் சட்டம் நமக்குப் பாதி உதவி செய்கிறது. பால், முட்டை, மீன், சோயா உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பொருள் பட்டியலில் எடுப்பாக அச்சிட வேண்டும், வழக்கமாகக் கொட்டை எழுத்தில் இருக்கும். பாலும் முட்டையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இறைச்சி அந்த 14இல் இல்லை, ஆகவே ஜெலட்டீன், ஷ்மால்ட்ஸ், ரிண்டர்ப்ரூயே என்ற மாட்டிறைச்சிச் சாறு போன்றவற்றை வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மி மிட்டாயிலும் சில தயிர் இனிப்புகளிலும் ஜெலட்டீன் உண்டு. ஈ 120 என்றால் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம். ஈ 471 தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். சீஸ் இன்னும் சிக்கல். பர்மேசானும் கிரானா படானோவும் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டே செய்யப்பட வேண்டும் என்பது அவற்றின் விதி. மற்ற சீஸ்களில் மிக்ரோபியெல்லஸ் லாப் என்று போட்டிருந்தால் அது நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, எடுத்துக்கொள்ளலாம். மஞ்சளும் பச்சையுமான வி முத்திரை இருந்தால் அவ்வளவு தேட வேண்டியதில்லை.

மென்சாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவர் உணவகங்கள் இங்கே நல்ல மாதிரி மாறியிருக்கின்றன. பெர்லினில் 2021 இலையுதிர்காலத்திலேயே உணவுப் பட்டியலில் 68 சதவீதம் பாலும் முட்டையும் இல்லாத வீகன், 28 சதவீதம் சைவம் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் மென்சாவில் பொரித்த கட்லெட்டும் சிப்ஸும் வீகன் வரிசையில் முதலில் கண்ணில் படும். அதைத் தாண்டிப் போய்ப் பயறோ கொண்டைக்கடலையோ உள்ள தட்டை எடுங்கள்.

இப்போது மாத்திரை. பி12 கட்டாயம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதை உண்டாக்குவது பாக்டீரியா, செடிகளில் நம்பும்படியான அளவு கிடையாது. பழைய சோறு, இட்லி மாவு, ஸ்பைருலினா இவற்றில் பி12 இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கே வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 4 மைக்ரோகிராம் என்று சொல்கிறார்கள், பாலில் மட்டுமே அதை எடுப்பதென்றால் ஒரு லிட்டர் குடிக்க வேண்டும். கல்லீரலில் பல வருஷத்துக்கான சேமிப்பு இருப்பதால் குறைவது வெளியே தெரியாது. தெரியும்போது கை கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி என்று நரம்பில் வந்து நிற்கும். நம் ஊரிலிருந்து வரும்போதே பலருக்கு அளவு குறைவாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே அசதி என்று சொல்வதால், மாத்திரை தொடங்குமுன் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்ற குடும்ப மருத்துவரிடம் போய் பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், விட்டமின் டி, தைராய்டு பாருங்கள். ஹோலோ டிசி என்ற பரிசோதனை பி12 குறைவைச் சீக்கிரமே காட்டும், கேட்டு வாங்குங்கள். அறிகுறி இருப்பதைச் சொல்லிவிடுங்கள், சும்மா பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் நம் கைக்காசு போகும்.

விட்டமின் டி சைவத்தோடு சம்பந்தப்பட்டது அல்ல, ஆனால் நம் தோல் நிறத்துக்கு இந்த அட்சரேகையில் முக்கியம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே அடிக்கும் வெயில் அதைத் தயாரிக்கப் போதாது. உடம்பு தானாகத் தயாரிக்காத காலத்துக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 யூனிட், என்பது இங்குள்ள கணக்கு. உங்கள் ரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து மருத்துவர் சொல்வதை எடுங்கள். அயோடினும் கவனிக்க வேண்டியது. கடையில் சாதா உப்பு, கடல் உப்பு, இமயமலை இளஞ்சிவப்பு உப்பு எல்லாம் அழகாக அடுக்கியிருக்கும். நீங்கள் யோட்ஸால்ட்ஸ், அதாவது அயோடின் உப்பு, என்று போட்ட மலிவான பாக்கெட்டை எடுங்கள். மீனும் பாலும் இல்லாதவருக்கு அதுதான் அயோடின். இரும்புச்சத்துக்குப் பருப்பும் கீரையும் இருக்கிறது, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், டீ காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கீரைக்கு உறைய வைத்த ப்ளாட்ஷ்பினாட் என்ற இலைப் பசலையை வாங்குங்கள். பக்கத்திலேயே இருக்கும் ராம்ஷ்பினாட்டில் கிரீம் கலந்திருப்பார்கள். குளிர்காலத்தில் க்ரூன்கோல் என்ற கேல் கீரை வரும். பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்தால் முருங்கைக்கீரைக்கு ஏங்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்தும் பசலையைவிட அதில்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கோல்ராபி நம் நூல்கோல்தான், ஊரைவிட இங்கே இளசாகக் கிடைக்கிறது. இலையுதிர்காலத்தில் ஹொக்கைடோ பூசணி வந்தால் தோலோடு சாம்பாரில் போடலாம்.

பாலை விடுவதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் விட்டது கன்றுகளுக்காக. பால் பண்ணைகளில் கன்று பிறந்த சில மணி நேரத்திலேயோ சில நாளிலேயோ தாயிடமிருந்து பிரித்துவிடுவது வழக்கம், கிடாரி அல்லாத கன்று இறைச்சிக்குப் போகிறது. அதைத் தெரிந்தபின் என்னால் முடியவில்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் தாராளமாக விடுங்கள், என் மனம் உங்கள் பக்கம்தான். வளர்ந்த, ஆரோக்கியமான ஆளுக்கு, பி12 எடுத்துக்கொண்டு, திட்டமிட்டுச் சாப்பிட்டால் வீகன் உணவு உடம்புக்கு நல்லதாக இருக்க முடியும் என்று ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகமே 2024இல் சொல்லிவிட்டது. ஆனால் பருப்பு தினமும் தட்டில் வரும் வரை பொறுங்கள். இப்போதிருக்கும் சாப்பாட்டிலிருந்து பாலையும் சீஸையும் எடுத்தால் மாவு மட்டும்தான் மிஞ்சும்.

விடும்போது ஓட்ஸ் டிரிங்க், சோயா டிரிங்க் என்று தேடுங்கள், பால் என்ற சொல்லை அதன் மேல் போட இங்கே அனுமதி இல்லை. பயோ, அதாவது இயற்கை வேளாண்மை, முத்திரை உள்ளதில் சுண்ணாம்புச் சத்தும் விட்டமினும் சேர்க்கக் கூடாது என்பது விதி. அதனால் இந்த ஒரு பொருளில் மட்டும் பயோ அல்லாததை எடுங்கள், 100 மில்லியில் 120 மில்லிகிராம் கால்சியம் என்று இருக்க வேண்டும், ஊற்றுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும், அடியில் தங்கிவிடும். புரதத்துக்கு சோயா நல்லது. ஃபில்டர் காபிக்கு பரிஸ்டா என்று போட்ட ஓட்ஸ், திரியாது. தயிர்சாதத்துக்கு இனிப்புச் சேர்க்காத சோயா தயிர். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கலந்து, ஒரு மணி நேரம் வைத்துச் சாப்பிடுங்கள்.

நேரம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும், அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனி ராத்திரி கொண்டைக்கடலை ஊறப்போட்டு, மறுநாள் வேகவைத்து, பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் வாரம் முழுக்க ஓடும். இட்லி மாவு புளிக்கவில்லை என்றால் ரொட்டி சுடும் ஓவன் உள்ளே வைத்து விளக்கை மட்டும் எரியவிடுங்கள். குக்கர் வாங்குவதாக இருந்தால் அடி தட்டையானதா, இண்டக்‌ஷனுக்கு ஒத்துவருமா என்று உங்கள் அடுப்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த வாரம் ஒரு கிலோ மைசூர் பருப்பும் ஒரு பாக்கெட் யோட்ஸால்ட்ஸும் வாங்கி ஆரம்பியுங்கள், ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.