நாலு நாள் லீவு, ஒரு கைக்குழந்தை, டிக்கி நிறைய சாமான்

பொங்கல் விடுமுறை நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைக்குழந்தையோடு வெளியூர் கிளம்புகிறவர்கள் எழுதியவை. நல விசாரிப்புகளையும் குழந்தையின் சுட்டித்தன வர்ணனைகளையும் வெட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாக் குழந்தையும் அழகுதான்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். ஊட்டிக்கு மூன்று நாள் போகிறோம். பால் பாட்டில் சூடாக்கும் கருவி, ஸ்டெரிலைசர், மடக்குத் தொட்டில், வெயில் கூடாரம் எல்லாம் சேர்த்துக் கடைக்காரர் ரூ.14,000-க்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். எதையெல்லாம் வாங்கலாம்? (ஈரோடு வாசகி)

பதில்: தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்குப் பாட்டில் சூடாக்கி எதற்கம்மா? முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள். தொட்டில் வேண்டுமா என்பதைத் தங்கும் விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள். ஜனவரியில் ஊட்டியில் ராத்திரி உறைபனி விழும். காசை அங்கே போடுங்கள்: காது மூடும் கம்பளித் தொப்பி, சாக்ஸ், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட மெல்லிய சட்டைகள். பகலில் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

கூடாரத்தைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். பேரனுக்கென்று ரூ.2,300 கொடுத்து ஒன்று வாங்கினேன். பையிலிருந்து எடுத்து விட்டால் தானே 'டப்'பென்று விரியும். மடிக்கத்தான் ஆளில்லை. மாமல்லபுரம் மணலில் நானும் மாப்பிள்ளையும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம். சுண்டல் விற்கிற பையன் கூடையை இறக்கிவைத்துவிட்டு யோசனை சொன்னான். கடைசியில் கார் கூரையில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தோம். இப்போது மொட்டை மாடியில் வடகத்தைக் காக்கையிடமிருந்து காப்பாற்றுகிறது.

இன்னொன்று: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுத் தளத்தில் இலவசம். 'எடுத்துத் தருகிறேன், முந்நூறு கொடுங்கள்' என்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தையை ரிசார்ட் நீச்சல் குளத்தில் விட, கழுத்தில் மாட்டும் காற்று வளையம் வாங்கலாமா? (சேலம்)

பதில்: கூடாது.

கேள்வி: குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பை (பேபி கேரியர்) ரூ.3,400-க்கு வாங்கினேன். பதினாறாம் நாள் ஏற்காட்டில் நடந்துகொண்டிருக்கும்போது தோள்பட்டை பக்கிள் உடைந்தது. மனைவி பிடித்துக்கொண்டதால் குழந்தை தப்பித்தது. கடைக்குப் போனால் பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறவோ மாற்றவோ படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். (கோவை)

பதில்: இந்த ஒரு வரியோடு எனக்கு இருபது வருடப் பகை. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பொம்மைக்கடை என்று எங்கே போனாலும் பில்லின் அடியில் பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் நம் ஜனங்கள் ஏதோ சர்க்கார் சட்டத்தையே பார்த்துவிட்டதுபோல வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள். அச்சகத்தில் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் சார். அதனால் அது சட்டமாகிவிடாது.

சட்டம் சொல்வது வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47)-ஐப் பாருங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். உங்களுடையது பதினாறாம் நாள். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஆனால் ஒன்று, இது குறையுள்ள பொருளுக்குத்தான். 'கலர் மாமியாருக்குப் பிடிக்கவில்லை' என்று போய் இந்தப் பிரிவை ஒப்பிக்காதீர்கள்.

உடைந்த பக்கிளை ஒட்டவைக்காமல் அப்படியே போட்டோ எடுங்கள். கடைக்கு எழுத்தில் கொடுங்கள், தயாரிப்பாளருக்கும் ஒரு நகல். ஒரு வாரம் பாருங்கள். பிறகு 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். குழந்தை தொங்குகிற பொருள் இது. அரிசியில் கல் கிடந்தது என்கிற புகாரோடு சேர்த்துப் பேசுகிற விஷயமில்லை.

கேள்வி: பழைய கார் சீட் ஒன்று ஆன்லைனில் ரூ.1,200-க்குக் கிடைத்தது. லேபிள், கையேடு எதுவும் இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. எட்டு மாதக் குழந்தையை அதில் வைத்து முன்சீட்டில் மாட்டினால் நான் ஓட்டும்போதே பார்த்துக்கொள்ளலாமே? (சென்னை)

பதில்: வாங்குவதற்கு முன் எழுதியிருக்கக் கூடாதா? ஒரு விபத்தில் அடிபட்ட சீட் வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும், உள்ளே விரிசல் இருக்கும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சீட்டை நம்பிப் பிள்ளையை உட்கார வைக்கிறீர்கள். நல்ல சீட்டில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர எண்ணோடு ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டியிருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். இந்த வயதில் குழந்தை பின்சீட்டில், காரின் பின்பக்கம் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். முன்சீட்டில் ஏர்பேக் விரிகிற வேகத்துக்கு அந்தக் கழுத்து தாங்காது. ரூ.1,200-ஐ மறந்துவிடுங்கள். ஓட்டும்போது ரோட்டைப் பாருங்கள், பின்சீட்டில் யாராவது பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கொடைக்கானலில் 'குழந்தைகளுக்கு ஏற்ற ரிசார்ட், தொட்டில் உண்டு, 24 மணி நேர வெந்நீர்' என்ற விளம்பரம் பார்த்து, இரண்டு இரவுக்கு முழுப் பணமும் கட்டினோம். போனால் தொட்டில் இல்லை. வெந்நீர் காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான். பத்து மாதக் குழந்தைக்கு 'எக்ஸ்ட்ரா பெட்' என்று ரூ.1,500 வேறு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பால்மாவு கலக்க வெந்நீர் கேட்டு என் மாமியார் சமையல்கட்டு வாசலில் நின்றார். (மதுரை வாசகி)

பதில்: படிக்கும்போதே வயிறு எரிகிறது அம்மா. அந்தக் குளிரில், அந்த நேரத்தில், வயதான மனுஷி.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விளம்பரத்தில் இருந்ததை நம்பித்தான் கட்டினீர்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்வது தவறான விளம்பரம். அந்தப் பக்கம் அழிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் கட்டிய ரசீது, எக்ஸ்ட்ரா பெட் பில், ரிசப்ஷனோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். முதலில் ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல்: என்ன சொன்னார்கள், என்ன இருந்தது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கொடைக்கானல் மலையேற வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

அடுத்த தடவைக்கு ஒரு நல்ல ஃபிளாஸ்க். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால் யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

கேள்வி: நாலு மாதக் குழந்தையைப் பீச்சுக்குக் கூட்டிப் போகிறோம். எந்த சன்ஸ்கிரீன் நல்லது? (புதுச்சேரி)

பதில்: ஆறு மாதம் வரை எதுவும் பூசாமல் நிழலில் வைத்திருங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, விளிம்பு அகலமான தொப்பி. காலை எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். தள்ளுவண்டியின் மேல் துண்டு போர்த்தி மூடாதீர்கள், உள்ளே இட்லிப் பானையாகிவிடும்.

கேள்வி: ஹைவே கடையில் ரூ.20 தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங்' என்று ரூ.25 வாங்கினார்கள். சரியா? (விழுப்புரம்)

பதில்: தப்பு. எம்ஆர்பி-க்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய் கேட்க முடியாது. ஹோட்டலில் மேஜையில் உட்கார்ந்து குடித்தால் கதை வேறு. அதற்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டுவிட்டது. பில் வாங்கினீர்களா? எழுதவில்லையே. வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் மடக்குக் கட்டில் ரூ.2,800 என்று பார்த்து ஜிபே செய்தேன். வந்தது ஒரு கொசுவலைக் குடை. இப்போது எங்களை பிளாக் செய்துவிட்டார்கள். (திருச்சி)

பதில்: இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்கு முன் 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் குற்ற உதவி எண். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் வேறு வேறு கணக்குக்குத் தாவும். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படி ஒரு பக்கத்தில் ரோஸ்வுட் ஊஞ்சல் வாங்கியிருக்கிறேன். கீ செயின் சைஸில் வந்தது.

கேள்வி: காணும் பொங்கலுக்கு மெரினா போகிறோம், குழந்தைக்குப் பதினொரு மாதம். மணலில் ஓடும்படி தள்ளுவண்டி சொல்லுங்கள். (வியாசர்பாடி)

பதில்: கடைகளில் சாதாரணமாக விற்கிற சின்னச் சக்கர வண்டி எதுவும் அந்த மணலில் பத்தடி தாண்டாது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் தார் ரோட்டிலேயே ஓடாது. இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள், ஆள் மாற்றி ஆள். கடற்கரையில் போலீசார் குழந்தைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். போனதும் முதல் வேலையாக அதைக் கட்டிக்கொள்ளுங்கள், காசு கிடையாது.