குளிர்காலம் வருடா வருடம் வருவதுதானே?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். (அந்நாட்டு அரசின் பொது மருத்துவச் சேவை) மருத்துவமனையில் நர்ஸ். செப்டம்பரிலேயே ‘விண்டர் பிளான்’ என்று மீட்டிங் ஆரம்பித்துவிடுகிறதாம். ஆனால் ஜனவரியில் போன் செய்தால், “இன்னைக்கும் காரிடார்லதாம்மா பேஷண்ட் எல்லாம்” என்கிறாள். அவ்வளவு பணக்கார நாட்டுக்கு இது ஏன் சமாளிக்க முடியவில்லை?
- வாசகி, திருச்சி

பதில்: தயாராகாமல் இல்லை. ஊசி விஷயத்தில் அவர்களைக் குறையே சொல்ல முடியாது. 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி இலவசம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்கில் ஸ்ப்ரே. 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, காது வலி மாதிரி ஏழு உபாதைகளுக்கு மருந்துக்கடை பார்மசிஸ்டே பார்த்து மருந்து தரலாம்.

ஆனால் இதெல்லாம் முன்வாசலில் கூட்டத்தைக் குறைக்கிற வேலை, அடைப்பு இருப்பதோ பின்வாசலில். 85 வயதுப் பாட்டி ஒருவர் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிறார் என்று வையுங்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்து, டாக்டரும் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். ஆனால் பாட்டி தனியாக இருப்பவர், காலையில் எழுப்பி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஒரு வாய் சாப்பாடு கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் வேலை இல்லை, உள்ளூர் கவுன்சிலின் (நம்மூர் நகராட்சி மாதிரி) பொறுப்பு. அதற்குத் தனி பட்ஜெட், தனி விதிகள், போதாததற்கு பாட்டியின் சொத்துக் கணக்கு வேறு பார்ப்பார்கள். ஆள் கிடைக்கும்வரை அவர் அந்த பெட்டில்தான். சமீபத்திய குளிர்காலங்களில் இப்படி வீட்டுக்குப் போகத் தயாராகியும் போக முடியாமல் இருந்தவர்கள் ஒரு நாளைக்கு 12,000 பேருக்கு மேல், இங்கிலாந்தில் மட்டும்!

வார்டில் பெட் காலியாகவில்லை என்றால் எமர்ஜென்சியில் இருப்பவரை மேலே அனுப்ப முடியாது, அவர் காரிடார் டிராலியில் கிடப்பார், வெளியே ஆம்புலன்ஸ் நோயாளியை இறக்க இடமில்லாமல் நிற்கும், அடுத்த அழைப்புக்குப் போக வண்டி இருக்காது. 2022 டிசம்பரில் பக்கவாதம், நெஞ்சுவலி போன்ற அழைப்புகளுக்கு 18 நிமிடத்தில் போக வேண்டிய ஆம்புலன்ஸ் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இதற்கு நடுவே நோரோவைரஸ் வாந்திபேதி புகுந்தால் வார்டையே மூட வேண்டியதுதான். கையில் தேய்க்கிற ஜெல்லுக்கு அது சரியாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான். உங்கள் மகளின் கை ஜனவரியில் ஏன் வறண்டு வெடித்திருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பணம் வருகிற நேரம் இன்னொரு கூத்து. 2017 நவம்பர் 22 பட்ஜெட்டில் அந்தக் குளிர்காலத்துக்கென்று 35 கோடி பவுண்ட் கொடுத்தார்கள். நவம்பர் கடைசியில் பணம் வந்தால் டிசம்பருக்குள் நர்ஸை எங்கிருந்து பிடிப்பது? 2018 ஜனவரி பிறந்ததுமே, அவசரமில்லாத ஆபரேஷன்களை மாதக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள் என்று நாடு முழுக்கச் சொல்லவேண்டி வந்தது.

உண்மையில் குளிர்காலத்தின் மேல் பழி போடுவது வசதி, அவ்வளவுதான். எமர்ஜென்சிக்கு வருகிற 100 பேரில் 95 பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து கடைசியாக எட்டியது 2015 ஜூலையில். அப்புறம் எத்தனை கோடைகள் போய்விட்டன!

கேள்வி: சரி, இந்த ஜனவரியில் பேரனைப் பார்க்க மூன்று மாதம் அங்கே போகிறேன். எனக்கு ஏதாவது ஒன்று என்றால்?
- அதே வாசகி

பதில்: உயிர் போகிற விஷயம் என்றால் 999. மற்றதற்கு முதலில் 111-க்கு போன் போடச் சொல்லுங்கள், எங்கே போகலாம் என்று அவர்களே வழி சொல்வார்கள். எமர்ஜென்சியில் பார்ப்பது உங்களுக்கும் இலவசம். ஆனால் அட்மிட் ஆகிவிட்டால் டூரிஸ்ட் விசாக்காரர்களுக்கு, என்.எச்.எஸ்ஸின் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு பில் வரும். அதனால் டிராவல் இன்சூரன்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். பி.பி., சுகர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கிளைம் கிடைக்காது. ஃப்ளூ ஊசியைத் திருச்சியிலேயே, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.